வீட்டுப் பட்டறைக்கு இரும்பு அறுக்க எந்த மெஷின் வாங்கலாம்?

[காட்சி: ஸ்கொயர் டியூப்பின் இரண்டு வெட்டு முகங்கள், மிக அருகில்]

வணக்கம். திரையில தெரியிற ரெண்டு துண்டும் ஒரே டியூப்ல இருந்து வந்ததுதான். 25-க்கு 25 ஸ்கொயர் டியூப், 16 கேஜ், அதாவது சுவர் கனம் 1.6 எம்எம். இடது துண்டோட ஓரம் நீலம் பாஞ்சிருக்கு, கீழ் விளிம்புல கெட்டியா பிசிறு தொங்குது. வலது துண்டுல அந்த நிறமாற்றமே இல்ல, அரத்தால ஒரு இழுப்பு இழுத்தா வேலை முடிஞ்சுது. முதல் துண்டை கட்டிங் வீல் தேய்ச்சு வெட்டிருக்கு. ரெண்டாவதை பல் அறுத்திருக்கு.

கடையில எந்த மெஷினைக் காட்டினாலும் முதல்ல இதைக் கேளுங்க: தேய்க்குதா, அறுக்குதா? சூடு, தீப்பொறி, சத்தம், வெட்டோட நேர்த்தி எல்லாம் பெரும்பாலும் அதுலயே முடிவாயிடும்.

[காட்சி: வைஸில் பிடித்த டியூப், ஹேக்ஸா]

ஹேக்ஸாவுல, அதாவது கையால இரும்பு அறுக்கிற ரம்பத்துல இருந்து ஆரம்பிக்கலாம். எத்தனை மெஷின் வாங்கினாலும் இது வேணும். 12 இன்ச் பிளேடு, ஒரு இன்ச்சுக்கு 18, 24, 32 பல்னு கிடைக்கும். வெட்டுற சுவர் மேல எப்பவும் குறைஞ்சது மூணு பல்லாவது உக்காரணும், இல்லைன்னா சுவர் ரெண்டு பல்லுக்கு நடுவுல மாட்டி பல்லை ஒடிச்சிடும். 24 பல் பிளேடுல மூணு பல்லுக்கு 3.2 எம்எம் ஆகுது. அதனால 3 எம்எம் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), ஃபிளாட்டுக்கு (பட்டை இரும்பு) 24. டியூப்புக்கு 32. கெட்டியான ராடுக்கு 18.

ஆனா 32 பல் பிளேடுலயே மூணு பல்லுக்கு 2.4 எம்எம் வேணும், நம்ம டியூப் சுவர் 1.6 தான். அதனால டியூப்பை ஒரே மூச்சுல மேல இருந்து கீழ அறுக்காதீங்க. ஒரு பக்கச் சுவர் அறுந்ததும் டியூப்பைத் திருப்பி அடுத்த பக்கத்தை மேல கொண்டு வாங்க. அப்போ பிளேடு சுவரோட அகலத்துல படுத்து ஓடும். தகடா இருந்தா ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவுல வெச்சு இறுக்கி, மூணையும் சேர்த்து அறுங்க.

பல் முன்பக்கம் பாக்கணும். அழுத்தம் தள்ளும்போது மட்டும், இழுக்கும்போது தளர்த்திடணும். நிமிஷத்துக்கு 40, 50 தடவை போதும். வேகமா இழுத்தா பிளேடு சூடாகி முனை மழுங்கிடும். பாதி வெட்டுல பிளேடு உடைஞ்சா, புது பிளேடை அதே வெட்டுக்குள்ள விடாதீங்க. தேஞ்ச பிளேடு போட்ட பள்ளம் குறுகலா இருக்கும், புதுசு அதுல இறுகி அதுவும் உடையும். துண்டைத் திருப்பி மறுபக்கத்துல இருந்து ஆரம்பிங்க. வாங்கும்போது பை-மெட்டல் (ரெண்டு உலோகம் சேர்த்த) பிளேடு கேளுங்க. வளைஞ்சாலும் பட்டுனு ஒடியாது.

[காட்சி: 4 இன்ச் கிரைண்டர், 1 எம்எம் வீல்]

அடுத்தது 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர். 1 எம்எம் கட்டிங் வீல் போட்டா நம்ம டியூப்பை ஒரு நிமிஷத்துக்குள்ள வெட்டிடும். பொருத்தின இரும்பை வெட்டவும், துருப்பிடிச்ச போல்ட்டை அறுக்கவும் இதுக்கு ஈடு இல்ல. ஆனா வெட்டு நேரா வர்றது முழுக்க கையைப் பொறுத்தது.

இதுல ஆபத்து வர்ற இடம் ஒண்ணு உண்டு. துண்டை ரெண்டு முனையிலயும் முட்டுக் கொடுத்து நடுவுல வெட்டினா, வெட்டு முடியிற நேரத்துல ரெண்டு பக்கமும் உள்பக்கமா சாஞ்சு வீலைக் கவ்வும். அப்போ மெஷின் கையை விட்டுத் துள்ளும், இல்ல வீல் வெடிக்கும். வெட்டி விழப்போற பக்கத்தை எப்பவும் தொங்க விடுங்க. வீலை மூடியிருக்கிற கார்டைக் கழட்டாதீங்க. மெலிசு வீலோட பக்கவாட்டுல தேய்க்காதீங்க. வீல் நடுவுல இருக்கிற உலோக வளையத்துல காலாவதித் தேதி அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. மரம் அறுக்கிற பல் பிளேடை மட்டும் கிரைண்டர்ல மாட்டவே கூடாது.

ஜிக்சாவுக்கு (சின்ன பிளேடு மேலும் கீழும் ஓடுற கை மெஷின்) இரும்பு அறுக்கிற பிளேடு உண்டு. தகடுல வளைவு வெட்ட நல்லது. டியூப் வேலைக்கு அதை நம்பி இறங்காதீங்க.

[காட்சி: 14 இன்ச் கட்டிங் மெஷின், தீப்பொறி]

இப்போ எல்லாரும் முதல்ல விலை கேக்குற 14 இன்ச் கட்டிங் மெஷின். 355 எம்எம் வீல், 2000 வாட்டுக்கு மேல மோட்டார், ஏறக்குறைய 3800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து). வெல்டிங் பட்டறைக்கு நல்ல மெஷின்தான். வீட்டுக்கு இதை யோசிச்சுத்தான் வாங்கணும். ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடப் பல மடங்கு. 6 ஆம்பியர் பிளக்குல மாட்டக் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். தீப்பொறி பல அடி தூரம் போகும். கண்ணாடியிலயும் டைல்ஸ்லயும் பட்டா ஒட்டிக்கிட்டு, அப்புறம் துருப் புள்ளியா நிக்கும். பக்கத்து வீடு ஒட்டியிருந்தா சத்தமும் பெரிய பிரச்சினை.

வெட்டோட நேர்த்தியும் நாளாக ஆகக் குறையும். புது வீலோட விளிம்பு நொடிக்கு 70 மீட்டர் வேகத்துல ஓடும். தேஞ்சு 250 எம்எம் ஆனதும் அது 50 மீட்டர்தான். வேகம் குறைஞ்சதும் நாம தன்னால அழுத்துவோம், வீல் வளையும், வெட்டு சாயும்.

அந்தச் சாய்வு ஏன் முக்கியம்? மேஜை ஃபிரேம் மூலைக்கு 45 டிகிரி வெட்டுறோம்னு வைங்க. 25 டியூப்புல அந்த வெட்டோட நீளம் 35 எம்எம். ஒரு டிகிரி தப்பினா முனையில 0.6 எம்எம் இடைவெளி. சேர வேண்டிய ரெண்டு துண்டும் தப்பினா 1.2 எம்எம். 1.6 எம்எம் சுவர்ல அவ்வளவு இடைவெளியை வெல்டிங் ராடால நிரப்பப் போனா ஓட்டை விழுந்துடும். வெல்டிங் வரலைன்னு வருத்தப்படுற பலருக்கும் குறை வெட்டுலதான் இருக்கு.

[காட்சி: டிசிடி பிளேடு, பல் அருகில்]

பாக்க அதே மாதிரி இருக்கிற இன்னொண்ணு, டிரை கட் சா. 355 எம்எம் பிளேடுதான், ஆனா கார்பைடு பல் வெச்ச டிசிடி பிளேடு, வேகம் 1300-ல இருந்து 1500 ஆர்பிஎம். தேஞ்சு சின்னதாகாது, தீப்பொறி ரொம்பக் கம்மி, வெட்டின முனையை சீக்கிரமே கையால தொடலாம். பிளேடு விலை அதிகம். கிளாம்ப் சரியா இறுகாம துண்டு நகர்ந்தா ஒரே நொடியில பல் போயிடும். இந்த பிளேடை கட்டிங் மெஷின்ல மாட்டலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கூடவே கூடாது. பிளேடுக்குன்னு அச்சடிச்ச உச்ச வேகத்தை அந்த 3800 தாண்டிடும், பல் தெறிக்கும்.

[காட்சி: சின்ன பேண்ட் சா, மெல்ல இறங்கும் கை]

வீட்டுப் பட்டறைக்கு எங்க முதல் தேர்வு இதுதான்: சின்ன படுக்கை பேண்ட் சா, அதாவது பல் வெச்ச பட்டை பிளேடு வளையமா ஓடி அறுக்கிற மெஷின். 4-க்கு 6 இன்ச்னு சொல்ற ரகத்துல பிளேடு நிமிஷத்துக்கு 20, 30, 50 மீட்டர்னு மெதுவா ஓடும். கட்டிங் வீல் நொடிக்கு 70 மீட்டர்னு பாத்தோமே, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. தீப்பொறி இல்ல, ராத்திரியிலும் ஓட்டலாம். எஸ்எஸ்-க்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 20, எம்எஸ்-க்கு (சாதா இரும்பு) 30, அலுமினியத்துக்கு 50. மெல்லிய டியூப்புக்கு 14/18 பல் (ஒரு இன்ச்சுக்கு 14-ல இருந்து 18 வரை மாறி மாறி வர்ற பல்), 3-ல இருந்து 5 எம்எம் ஆங்கிளுக்கு 10/14, கெட்டி இரும்புக்கு 6/10.

ஆங்கிளை வைஸ்ல வைக்கும்போது மூலை மேல பாக்கணும், ரெண்டு ஓரமும் கீழ, கூரை மாதிரி. அப்போ பிளேடுக்கு எப்பவும் கொஞ்சம் இரும்புதான் எதிர்ப்படும். சின்னத் துண்டை வைஸோட ஒரு ஓரத்துல பிடிச்சா தாடை கோணிக்கும். மறு ஓரத்துல அதே அகலத்துல இன்னொரு துண்டை வெச்சு இறுக்குங்க.

கீழ விழுற துகளைப் பாருங்க. சுருண்டு, கையில எடுத்தா இளஞ்சூடா இருந்தா சரி. மாவா விழுந்தா அழுத்தம் போதல, பல் அறுக்காம உரசிக்கிட்டிருக்கு. நீலமா வந்தா வேகமோ அழுத்தமோ அதிகம். வெட்டு ஒரு பக்கமா ஓடினா பிளேடு டென்ஷனைப் பாருங்க, அப்புறம் பிளேடைத் தாங்குற மெஷின் கை இறங்குற வேகத்தை. அதுவும் சரின்னா பிளேடோட ஒரு பக்கப் பல் மழுங்கியிருக்கும்.

மாசத்துக்கு நாலு வெட்டுன்னா ஹேக்ஸாவும் கிரைண்டரும் போதும். ஃபிரேம், கேட், ஸ்டாண்டுன்னு தொடர்ந்து செஞ்சா பேண்ட் சா. ஒரே நாள்ல நூறு துண்டு வேணும், மெஷினுக்குக் காசு இருக்குன்னா டிரை கட் சா. திறந்தவெளி, 16 ஆம்பியர் பாயின்ட், கையிருப்பு கம்மின்னா கட்டிங் மெஷின்.

[காட்சி: கடையில் மெஷினின் கையை அசைத்துப் பார்ப்பது]

எதை வாங்கினாலும் கடையில மெஷினோட கையைத் தூக்கி இடது வலதா அசைச்சுப் பாருங்க. ஆட்டம் இருந்தா வேற பீஸ் கேளுங்க. பிளேடுக்கும் வைஸோட அசையாத தாடைக்கும் நடுவுல ட்ரை ஸ்கொயர் (மூலைமட்டம்) வெச்சு 90 டிகிரி வருதான்னு பாருங்க. கொஞ்சம் தப்பா இருந்தா பரவாயில்ல, திருத்த வழி இருக்கான்னு கேளுங்க. பேண்ட் சான்னா பிளேடோட நீளம், அகலம், கனம் மூணையும் குறிச்சுக்கிட்டு வாங்க. பிளேடு விக்கிறவங்க அந்த நீளத்துக்கு வெட்டி வெல்ட் பண்ணித் தருவாங்க.