அழறதுக்கு ஒரு பேச்சு

வணக்கமுங்க. என்ற மூஞ்சிய டிவி சீரியல்ல பார்த்திருப்பீங்க. மாமியாரு, பெரியம்மா, கோயில்ல நின்னு சாபம் விடுற கிழவி, எல்லாம் நான்தான். ஆனா அதுல பாதிக்குமேல கேட்டது என்ற குரல் இல்லீங்க. கோவை வானொலியில பேசக் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டது அதனாலதான்.

சொந்த ஊரு கோபிக்குப் பக்கம். நெல்லு, மஞ்சள், தடப்பள்ளி வாய்க்கா. பாக்யராஜ் சார் பொறந்த வெள்ளாங்கோயிலும் நம்ம கோபிப் பக்கந்தான். சினிமா வண்டி வந்தா ஊரே வேலையப் போட்டுட்டு ஓடும். எனக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தது சினிமாக்காரங்க இல்லீங்க, ஒரு உடுக்கையடிக்காரரு.

அண்ணமார் சாமி கதை ராத்திரி ராத்திரியா நடக்கும். பொன்னரும் சங்கரும் விழுந்துட்டாங்க, தங்கச்சி அருக்காணித் தங்காள் படுகளத்துக்குத் தேடி வர்றா. அந்த எடம் வந்ததும் அவரு உடுக்கைய மெதுவாக்கிருவாரு. முறுக்கு மீசை வெச்ச ஆம்பளை, குரல் ஒடஞ்சு, தங்காளாவே ஆயிருவாரு. பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுக்குவாங்க. அதுல புத்தகத் தமிழ் ஒரு சொல்லு இருக்காது. நம்மூட்டுல எழவு விழுந்தா அப்பத்தா எப்படி அழுவாங்களோ அப்படியே இருக்கும். நான் அம்மா மடியில படுத்துக்கிட்டு அவரு எங்க மூச்சு விடுறாருன்னு பார்த்துட்டே இருப்பேன்.

அப்புறம் நாடகம், மெட்ராஸ், வாடகை ரூம்பு. அது எல்லாத்துக்கும் இருக்கற கதைதான், விடுங்க.

சென்னையில டிவி நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15. வாரம் ஒருக்கா வர்ற நாடகம், பதிமூணு வாரத்துல முடிஞ்சிரும். 1999-ல ‘சித்தி’ வந்ததுக்கப்புறம் தினமும் சீரியல், வருசக்கணக்குல போச்சு. எங்களை மாதிரி கேரக்டர் ஆர்ட்டிஸ்டுக்கு அடுப்பெரிஞ்சது அதுலதான். சேலை நாமளே கொண்டு போகோணும். எந்த சீனுக்கு எந்தச் சேலைன்னு நோட்டுல எழுதி வெச்சிருப்பேன், இல்லீன்னா வாசல்ல பச்சை, உள்ள வந்தா சிவப்பு ஆயிரும்.

வசனத்த மனப்பாடம் பண்ண நேரம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால உதவி இயக்குநர் படிப்பாரு, நாம கேட்டுச் சொல்லோணும். காது அவருகிட்ட, கண்ணு மருமகமேல. ரியாக்சன் எடுக்கறது இன்னும் வேடிக்கை. எதுக்கால ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, “அதிர்ச்சி” அப்படீம்பாரு டைரக்டரு. நான் வாய்க்கால்ல செருப்பு போறாப்பல நெனச்சுக்குவேன்.

வயசான வேசத்துக்கு நான் வருத்தப்பட்டதில்லை. நம்ம கோவை சரளா 1985-லயே, சின்ன வயசுல, ‘சின்ன வீடு’ படத்துல பாக்யராஜ் சாருக்கு அம்மாவா வந்தவங்க. வருத்தம் வேற. “கோயமுத்தூர் பேச்சு வேண்டாம்மா, காமெடி ஆயிரும்.” எத்தனை செட்டுல கேட்டேன்! கவுண்டமணி அண்ணன் பேசி நாடே சிரிச்சுது. 1995-ல ‘சதி லீலாவதி’யில சரளாவும் கமல் சாரும் பேசினாங்க, நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அவங்கமேல குத்தமில்லை. சிரிக்க வெச்ச பேச்சுல அழவும் முடியும்னு கேமராக்காரங்களுக்குத்தான் தெரியலை. அவங்க படுகளம் பார்த்ததில்லை.

ஒரு சீரியல்ல மகன் செத்துப்போன சீனு. “மகனே, என்னை விட்டுப் போய்விட்டாயே”ன்னு பின்னால படிக்கறாங்க. எனக்கு வாயில வரலை. “ஏஞ்சாமீ, இப்பிடிப் பண்ணிப்போட்டியே சாமீ, நான் ஆரு மூஞ்சியில முழிப்பேன்”னு தரையில விழுந்துட்டேன். மூச்ச அந்த உடுக்கைக்காரரு விடுற எடத்துலயே விட்டேன். கட் சொல்ல ரொம்ப நேரமாச்சு. டைரக்டரு வந்து, “நல்லா இருந்துச்சும்மா”ன்னாரு.

ஒளிபரப்பாகற அன்னிக்கு ஊருக்கு வந்து அம்மாகூட உக்காந்து பார்த்தேன். டப்பிங்குல வேற ஒரு அம்மா அழுதிருந்தாங்க. எழுதிக் கொடுத்த வசனம், எழுத்து மாறாம.

அம்மாவுக்குக் கண்ணு மங்கல். டிவிப் பொட்டிகிட்டப் போயி உத்துப் பார்த்துட்டுத் திரும்புனாங்க.

“ஏன் கண்ணு, உன்ற வாயி சாமீங்குது, பொட்டி மகனேங்குது?”