காப்பிச் செடியில நுனியை வெட்டினா ஏன் நேர்ப்போத்து வருது?

ஏற்காடு நாகலூர் பக்கமிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "அரபிகா செடியை ரெண்டரை அடியில நுனி வெட்டினேன். பக்கக் கிளை வரும்னு பார்த்தா, கணுவுக்குக் கணு நேரா மேல போற போத்துதான் கிளம்புது. விதைக் கோளாறா?" இல்லைங்க, விதை சரியாத்தான் இருக்கு.

நுனியில இருந்து ஆக்ஸின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறதைப் போன வீடியோவுல பார்த்தோம். அது நேரா மொட்டுக்குள்ள போய்த் தடுக்கிறதில்லை. தண்டுல ஸ்ட்ரைகோலாக்டோன் உற்பத்தியைக் கூட்டுது. அதுதான் கிளைக்கிறதை அடக்குற ஹார்மோன்னு பட்டாணி, நெல், அராபிடாப்சிஸ் (ஆய்வகத்துல வளர்க்கிற சின்னச் செடி) செடிகள்ல 2008-ல தெரிஞ்சுது. மொட்டுக்குள்ள பிஆர்சி1-ங்கிற மரபணு வேலை செஞ்சா மொட்டு தூங்கும். நுனி போனா சர்க்கரையும், மொட்டை எழுப்புற சைட்டோகைனின்ங்கிற ஹார்மோனும் மொட்டுக்குப் பாயும், பிஆர்சி1 அடங்கும், மொட்டு முழிக்கும். மக்காச்சோளத்துல இதுக்கு டிபி1-னு பேர். அங்க அது தூக்கலா வேலை செய்யுறதாலதான் மக்காச்சோளம் ஒத்தைத் தண்டா நிக்குது. அதோட காட்டு மூதாதையான டியோசின்டே கிளை கிளையா வெடிக்குது.

இதெல்லாம் மொட்டு எப்ப முழிக்கும்கிற கதை. முழிச்சா என்னவா வளரும்? அதைத்தான் யாருமே கேக்க மாட்டேங்கிறீங்க!

காப்பியில நேர்த்தண்டோட ஒவ்வொரு இலைக் கக்கத்துலயும் மொட்டுகள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும். அதுல உச்சி மொட்டு மட்டும்தான் படுக்கைக் கிளையாகும், அதுவும் தண்டு வளரும்போதே வந்துடும். அடியோட ஒடிஞ்சா அந்த இடத்துல மறுபடி வராது. மிச்சம் இருக்கிறதெல்லாம் நேர்ப்போத்து மொட்டு. நீங்க நுனியை வெட்டினதும் எழுந்தது அதுங்கதான்.

மிளகைப் பாருங்க. சில்வர் ஓக் மரத்துல ஏறுற தண்டை நட்டா கொடி ஏறும். காய்க்கிற பக்கக் கிளையை நட்டா புதர் மிளகுதான், ஏறவே ஏறாது. காப்பியிலயும் படுக்கைக் கிளையை வேர்பிடிக்க வெச்சா செடி நிமிராது. மறுபடியும் சொல்றேன், எந்த மொட்டுங்கிறதுதான் விஷயம்.

அதனால போத்தை இளசா இருக்கும்போதே கையால அடியோட ஒடிச்சிடுங்க. பாதியில வெட்டினா மிஞ்சின கட்டைக் கணுவுலயே இன்னும் கிளம்பும். மேல் கணு ஜோடிக் கிளையில ஒண்ணை எடுத்துடுங்க, இல்லேன்னா பாரத்துல தண்டு பிளக்கும். நீங்க எதிர்பார்த்த பக்கக் கிளை, இருக்கிற படுக்கைக் கிளைகள்ல இருந்து இரண்டாம் கிளையா வரும்.

செடி கிழடாகி, கீழ்க்கிளை எல்லாம் போயிருந்தா கணக்கே வேற. தரையில இருந்து ஒரு அடி விட்டு வெட்டுங்க, கிளம்புற போத்துல திடமா ஒண்ணோ ரெண்டோ வெச்சுக்கங்க. அது புதுத் தண்டு, புதுக் கணு, அங்கே உச்சி மொட்டும் புதுசு. படுக்கைக் கிளை மறுபடி வரும்.