மரப்பாலம் சிக்னலில் கொதித்த அம்பாசடர்

கடல் காற்று மைக்கில் அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பது அப்பாவின் அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பேட்டரியை சார்ஜ் செய்ய இன்னும் பழைய டைனமோதான்... இல்லை, போன மாதம் வரை டைனமோ. அந்தக் கதைக்கு வருகிறேன்.

கடலூரிலிருந்து கிளம்பினால் தவளக்குப்பம் தாண்டும் வரை டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே நிற்கும். புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் மாட்டினோமோ, ஏற ஆரம்பித்துவிடும். இந்த எஞ்சினில் விசிறி வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது இது பறக்கும். நெரிசலில் நிற்கும்போதுதான் காற்று வேண்டும், அப்போது பார்த்து சோம்பலாகச் சுற்றும்.

அதனால் எலக்ட்ரிக் ஃபேன். இதோ, ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டியிருக்கிறேன், காற்றை உள்ளே இழுக்கும். இடம் போதாவிட்டால் முன்பக்கம் மாட்டலாம், ஆனால் அதற்குத் தள்ளும் ஃபேன் வாங்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து இதையே திருப்பிச் சுற்ற வைத்தால் இறக்கை வளைவு ஒத்துழைக்காது, காற்று குறையும். ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கட்டு கோத்து இழுத்துக் கட்டுவார்கள், தயவுசெய்து வேண்டாம். அதிர்வில் உரசி உரசிக் குழாயை ஓட்டை போட்டுவிடும். நான் இரும்புப் பட்டை வைத்து ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போட்டிருக்கிறேன்.

பழைய இறக்கையைக் கழற்றியதும் அதே போல்ட்டை அப்படியே முடுக்காதீர்கள். இறக்கையின் தடிமன் போன அளவுக்கு போல்ட் நீளமாகிவிடும், வாஷர் போடுங்கள். பெல்ட் மட்டும் இருக்கட்டும், வாட்டர் பம்ப் அதில்தான் ஓடுகிறது.

வயரிங். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்தான் ரிலே, எண்கள் அதன் முனைகள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30, அங்கிருந்து 87 வழியாக ஃபேனுக்கு. 86 இக்னிஷனுக்கு, 85 தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. தெர்மோ ஸ்விட்ச் தண்ணீர் 92 டிகிரி சூடானதும் ஃபேனைப் போடும், 87 டிகிரிக்கு இறங்கியதும் அணைக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட இது மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேன் நிற்கவே நிற்காது. நான் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைத்தேன். எல்லாம் முடிந்தது, ஃபேன் அசையவில்லை! அரை நாள் ரிலேயைத் திட்டினேன். இரண்டு பக்கமும் ரப்பர், அடாப்டருக்கு எர்த் எங்கிருந்து வரும்? ஒரு வயரை பாடியோடு இணைத்ததும் ஓடியது.

அப்புறம்தான் பெரிய பாடம். அன்றிரவு ஹெட்லைட் போட்டு அதே மரப்பாலத்தில் நின்றேன். ஊசி இறங்கியது, சந்தோஷம். ஆனால் டாஷ்போர்டில், சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு. மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடந்தது. ஐட்லிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஃபேனுக்கு கரண்ட் தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில்தான்! முழு வேகத்தில் ஓடினாலும் அந்தக் கால டைனமோ 22 ஆம்பியர் அளவில்தான் தரும். ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். ஆக, முதலில் ஐட்லிங்கிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர், பிறகு ஃபேன். நான் தலைகீழாகச் செய்தேன், வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்தேன். எங்கள் தெருப் பையன்களுக்கு நன்றி.

சரி, ஸ்டார்ட் செய்து இருபது நிமிடமாகிறது. ஊசியைப் பாருங்கள்... தொண்ணூறைத் தாண்டுகிறது... டிக். கேட்டதா? சுற்றுகிறது. ஹெட்லைட்டும் போடுகிறேன். இப்போது ஆல்டர்னேட்டர் இருக்கிறது, சிவப்பு விளக்கு வரவில்லை.