ஜெர்மனியிலிருந்து வந்த குக்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டுக்கு பார்சல் வருகிறது. பிரித்தால் உள்ளே சிவப்பு நிறத்தில், பளபளவென்று ஒரு ரைஸ் குக்கர். கூட ஒரு கடிதமும் இல்லை. திருப்பிப் பார்த்தால் ஜெர்மனியில் செய்தது என்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவன் ஜெர்மனியில்தான் வேலை பார்க்கிறான். கல்யாணமான கொஞ்ச நாளில் போனவன். போனில் பேசியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் இந்த குக்கருக்கு என்ன அர்த்தம்? நினைத்துக்கொண்டேன் என்பதா, கணக்கு முடிந்தது என்பதா?

பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' படத்தில் வருவது இது. 2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், முதல் பரிசுக்கு அடுத்ததான கிராண்ட் பிரீ இதற்குக் கிடைத்தது. அங்கே முதன்மைப் போட்டியில் ஓர் இந்தியப் படம் இடம்பெற்றதே 30 வருஷம் கழித்துத்தான். அதற்கு முன் 1994இல் போனது ஷாஜி என். கருணின் 'ஸ்வம்'. அதுவும் மலையாளப் படம், கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதை. பாயலுக்கு இது முதல் கதைப்படம். இதற்கு முன் எடுத்தது ஆவணப்படம். அந்தப் பழக்கம் இதிலும் தெரிகிறது. படம் ஆரம்பிக்கும்போது கதாநாயகி வருவதில்லை. மும்பையின் ராத்திரிச் சந்தையும் ரயிலும் கூட்டமும்தான் வருகின்றன. பிழைக்க வந்தவர்களின் குரல்கள் பல மொழிகளில் கேட்கின்றன. பல வருஷம் இருந்த பிறகும் இதை என் ஊர் என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறது ஒரு குரல்.

மலையாளத்தில் படத்துக்கு 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்று பெயர். நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், பிரபை என்றால் ஒளி, காதில் விழுந்ததும் புரிந்துவிடும். கதாநாயகியின் பெயர் பிரபா என்பதால் அதில் ஒரு சிலேடையும் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு, பாயலின் அம்மாவும் ஓவியருமான நளினி மாலானியின் ஓவியத்திலிருந்து எடுத்தது.

மூன்று பெண்கள். ஒரே மருத்துவமனை. குக்கர் வந்தது பிரபாவுக்கு; அவள் தலைமை நர்ஸ், கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். அவளோடு அறையில் தங்கியிருக்கும் இளைய நர்ஸ் அனு, அதாவது திவ்ய பிரபா. அப்புறம் சமையல் வேலை பார்க்கும் பார்வதி, சாயா கதம். அனுவுக்கு ஒரு முஸ்லிம் பையனோடு காதல். வீட்டிலிருந்து மாப்பிள்ளை போட்டோக்கள் போனில் வந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் கதை நமக்குப் பழகியது. எனவே பார்வதியிடம் போகிறேன்.

பார்வதியின் கணவர் மில் தொழிலாளி. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த பம்பாய் மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலத்தில் இன்று வணிக வளாகங்களும் வானுயரக் கட்டடங்களும் நிற்கின்றன. மில்லை நம்பி வந்தவர்களின் குடியிருப்புகளும் இடிபடுகின்றன. பார்வதி இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வீட்டை பில்டர் காலி செய்யச் சொல்கிறான். வீடு அவளுடையது என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது. புருஷன் இருந்தவரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி பிரபாவும் பார்வதியும் சேர்ந்து அந்த பில்டரின் விளம்பரப் பலகை மேல் கல்லெறிகிறார்கள். படத்தில் எதிர்ப்பு என்று இருப்பது அவ்வளவுதான். இன்னொரு இயக்குநராக இருந்தால் நீதிமன்றக் காட்சி வைத்திருப்பார்! பார்வதி மூட்டை கட்டிக்கொண்டு ரத்னகிரி பக்கம் தன் கிராமத்துக்குக் கிளம்புகிறாள். மற்ற இருவரும் துணைக்குப் போகிறார்கள்.

வாழ்க்கை மாறுவது என்றால் சினிமாவுக்கு ஒரு சாவு வேண்டும், விவாகரத்து வேண்டும், ஏதாவது ஒரு கையெழுத்தாவது வேண்டும். பிரபாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கணவன் சாகவுமில்லை, விட்டுவிட்டேன் என்று சொல்லவுமில்லை. அவளிடம் பிரியமாக இருக்கும் டாக்டர் ஒருவர் கவிதை எழுதிக் கொடுக்கிறார்; தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று ஒதுங்கிக்கொள்கிறாள். ஆனால் ராத்திரியில் தரையில் உட்கார்ந்து அந்த குக்கரை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். வசனமே இல்லாத காட்சி. வேறு யாராவது எடுத்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். கனியின் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது.

கிராமத்தில் கடலில் மூழ்கிய ஒருவனைக் கரையில் போடுகிறார்கள். பிரபா நர்ஸ் அல்லவா, நெஞ்சை அழுத்திப் பிழைக்க வைக்கிறாள். ஊர்க்கிழவி அவனை இவள் புருஷன் என்றே நினைத்துவிடுகிறாள். அன்று அந்த அறையில் அவன் நிஜமாகவே கணவனாகப் பேச ஆரம்பிக்கிறான், தன்னோடு வந்துவிடு என்கிறான். கனவா, கற்பனையா? முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு நேரம் மண்ணில் நின்ற படம் திடீரென்று பறக்கிறதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாவது முறைதான் பிடிபட்டது. இத்தனை வருஷமாக வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட எதிரில் ஆள் இல்லாமல் இருந்தவள் அவள். இயக்குநர் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார், அவளும் சொல்லிவிடுகிறாள்.

நம் ரேவதி முதன்முதலாக இயக்கி 2002இல் வந்த 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்தையும் தேடிப் பாருங்கள். சிதம்பரத்தில் வளர்ந்து அமெரிக்கா போன பெண்ணாக ஷோபனா நடித்து தேசிய விருது வாங்கிய படம். மகள் வளர்ந்து விலகும்போது அம்மாவுக்கு என்ன மிச்சம் என்பது அதில் விஷயம். அங்கேயும் நடப்பதெல்லாம் வீட்டுக்குள் நடப்பதுதான்.

பிரபாவிடம் திரும்புகிறேன். அனுவின் காதலன் ரகசியமாக அந்தக் கிராமத்துக்கே வந்திருக்கிறான். நகரத்தில் இருந்தபோது, ஊர் என்ன பேசும் என்று அனுவைக் கடிந்துகொண்டவள் இந்த பிரபா. கடைசியில் இருட்டு, கடற்கரையில் வண்ண விளக்குகள் போட்ட ஒரு சின்னக் கடை. அந்தப் பையனைக் கூப்பிடு, வந்து உட்காரட்டும் என்கிறாள்.