பிளஸ் டூ ஆங்கிலமும் பிள்ளைகளின் காதும்

நேயர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு வாக்கியம் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். "சிமிலான் நேற்று மூன்று கொரவிகளை மிழுக்கினான்." இன்னொரு தடவை சொல்கிறேன். "சிமிலான் நேற்று மூன்று கொரவிகளை மிழுக்கினான்." சரி, இப்போது கேள்வி. மிழுக்கியது யார்? சிமிலான். எத்தனை கொரவி? மூன்று. எப்போது மிழுக்கினான்? நேற்று. மூன்று கேள்விக்கும் சரியான பதில் சொல்லிவிட்டீர்கள், முழு மதிப்பெண். ஆனால் கொரவி என்றால் என்ன, மிழுக்குவது என்றால் என்ன? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அப்படி ஒரு சொல்லே தமிழில் கிடையாது, இந்த உரைக்காக நேற்று ராத்திரி நானே உண்டாக்கினேன்.

31 வருடம் தென்காசி வட்டாரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தினேன். அந்த 31 வருடமும் ஆயிரக்கணக்கான விடைத்தாளில் இந்த சிமிலானைத்தான் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்துக் கீழே ஐந்து கேள்வி கேட்டால், பிள்ளை கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடும், அது கிடைத்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே எழுதி வைக்கும், நாமும் டிக் போட்டுக் கொடுத்துவிடுவோம். அந்த வரியின் அர்த்தம் பிள்ளைக்குத் தெரியுமா? அதை அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. "சிமிலான் ஏன் மிழுக்கினான், அவன் செய்தது சரியா?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அப்படிக் கேட்பது அபூர்வம்.

இது கண்ணால் படிக்கிற கதை. காதால் கேட்கிற கதை இதைவிட மோசம், இன்று நான் அதிகம் பேச வந்தது அதைத்தான்.

பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு முன்பு இரண்டு தாள் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும், இப்போது ஒரே தாள்தான். எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. மூன்று மணி நேரம் பிள்ளை எழுதுகிறது, எழுதுகிறது, எழுதிக்கொண்டே இருக்கிறது. மனப்பாடச் செய்யுள், செய்யுள் வரிக்கு இடஞ்சுட்டி விளக்கம் எழுதுகிற இ.ஆர்.சி., பாராகிராஃப் கேள்வி, கடிதம், இலக்கணம். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட ஒரு ஆங்கிலக் குரல் அந்தப் பிள்ளையின் காதில் விழுவதில்லை. ஹால் சூப்பர்வைசர் மணி சொல்வாரே, அதுவும் தமிழில்தான். கேட்டல் திறன், பேசுதல் திறன் என்று பள்ளிக்குள் பெயரளவில் வைக்கிற தேர்வை நான் மறக்கவில்லை. சி.பி.எஸ்.இ.யிலும் 2012-13 முதல் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனி மதிப்பீடு கொண்டுவந்தார்கள், நல்ல காரியம். ஆனால் நானே வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டல் தேர்வு என்று ஒரு நாள் குறித்து, கடைசியில் நேரமில்லை என்று பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக மதிப்பெண் போட்டார்கள். வகுப்பில் ஒரு குரலும் ஒலிக்காமலே கேட்டல் தேர்வு முடிந்துபோனது. அது என் மனதை இன்றைக்கும் அறுக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 நவம்பர். ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் பெரிய புயல் அடித்து ஏராளமான பேர் செத்துப்போன நேரம். அப்போது எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. ஒரு நாள் காலை ஆங்கிலச் செய்தியைக் கேசட்டில் பதிந்துகொண்டு, டூ-இன்-ஒன்னை ஒரு துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். பிளஸ் டூ வகுப்பில் 40 பேருக்கு மேல். மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினேன், இரண்டு தடவை. அப்புறம் கேள்வி: புயல் எந்த மாநிலத்தில்? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஹெலிகாப்டரில் இருந்து என்ன போட்டார்கள்? இந்த மாதிரி நாலு கேள்வி.

தாளை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன், "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" அது கள்ளமில்லாமல் சொன்னது, "நேத்து பேப்பர்லயே போட்டிருந்தாங்களே டீச்சர்." பின்னால் ஒரு பையன், "எனக்கு ஆந்திரான்னு மட்டும் காதுல விழுந்துச்சு டீச்சர், மத்ததெல்லாம் நானா எழுதினேன். புயல்னா சாப்பாட்டுப் பொட்டலம்தான போடுவாங்க." அவன் சொன்னது நியாயம்தானே? புயல் வந்தால் பொட்டலம் போடுவார்கள் என்று தெரிய ஆங்கிலம் எதற்கு? நான் வைத்தது கேட்டல் தேர்வே கிடையாது, பொது அறிவுத் தேர்வு. காதைப் பொத்திக்கொண்டும் ஒருத்தர் அதில் பாஸாகலாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரை உட்காரவைத்து, நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஒரு பேச்சைப் பதிந்தோம். அவர் பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுன்ட்டர், நான் பயணி. மதுரைக்கு ஐந்தரை மணி பஸ் இருக்கிறதா என்று நான் கேட்பேன். அது இன்றைக்கு ஓடாது, ஆறேமுக்காலுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது ராஜபாளையத்தோடு நின்றுவிடும், அங்கே மாறிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வார். அவ்வளவுதான், ஒரு நிமிடப் பேச்சு. பாடம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிக்கவில்லை, சாதாரணமாகப் பேசினோம். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பயணி மதுரைக்கு எப்படிப் போவார்? பதிலைத் தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டே பேர் சரியாக எழுதினார்கள். ஆங்கிலத்தில் எப்போதும் முதலாவதாக வருகிற பெண், "ஐந்தரை மணி பஸ்ஸில்" என்று எழுதியிருந்தது. முதலில் காதில் விழுந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது, அதற்கப்புறம் வந்த மறுப்பு விழவே இல்லை. சரியாக எழுதிய இரண்டு பேரில் ஒருவன் யார் தெரியுமா? ஆங்கிலத்தில் 35-ஐத் தொடாத பையன். கடைசி பெஞ்சு. கூப்பிட்டுக் கேட்டேன், "எப்பிடிலே புரிஞ்சுது?" அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான், "எங்க கடைக்கு சீசனுக்கு வாரவங்க இப்பிடித்தான டீச்சர் பேசுவாங்க."

அவன் அப்பாவுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. ஜூன், ஜூலையில் சாரல் விழ ஆரம்பித்தால் மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளை வைத்துக்கொண்டு இவனும் உட்கார்ந்திருப்பான். பெங்களூரில் இருந்து வருகிறவர்கள், வடக்கே இருந்து வருகிறவர்கள் எல்லோரும் விலை கேட்பார்கள், அருவிக்கு வழி கேட்பார்கள், பேரம் பேசுவார்கள். எட்டு வயதில் இருந்து கேட்டுக்கேட்டு அவன் காது பழகிவிட்டது. அந்தக் காது எங்கள் பரீட்சைக்குத் தெரியாது. அந்த வருஷம் மார்ச்சில் அவன் ஆங்கிலத்தில் ஃபெயில். எழுத்து வராது, ஸ்பெல்லிங் வராது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அவனிடம் இருந்ததும், வகுப்பில் முதலாவதாக வந்த பெண்ணிடம் இல்லாததுமான ஒன்றை அந்தத் தாளில் கேட்க ஒரு வரி இடம்கூட இல்லையே. அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கிடைத்திருக்கும், அந்தப் பெண்ணுக்கும் தனக்கு எது வரவில்லை என்று பிளஸ் டூவிலேயே தெரிந்திருக்கும். கல்லூரியில் முதல் மாதம் லெக்சரர் பேசுவது ஒன்றும் புரியாமல் ஹாஸ்டலில் உட்கார்ந்து அழுததாக அந்தப் பெண்ணே பிற்பாடு என்னிடம் வந்து சொன்னது.

இதெல்லாம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சேர்த்து நடத்த முடியுமா என்று கேட்பார்கள். நடத்துகிறார்கள். தென்கொரியாவில் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கல்லூரி நுழைவுத் தேர்வு, சுன்னுங் என்பார்கள். ஆங்கிலத்தில் 45 கேள்வி, அதில் 17 கேட்டு எழுதுவது. அந்தக் கேட்டல் பகுதி நடக்கிற நேரத்தில், மத்தியானம் சுமார் 35 நிமிடம், நாடு முழுக்க எந்த விமானமும் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிற விமானம் 3 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வராமல் மேலேயே சுற்ற வேண்டும். பிள்ளைகளின் காதில் வேறு சத்தம் விழக்கூடாது என்பதற்காக! நம் ஊரில் பரீட்சை ஹாலுக்குப் பக்கத்து மண்டபத்தில் போடுகிற குழாய் ரேடியோவை நிறுத்தவே ஒரு ஆசிரியர் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஜப்பானில் வேறு வழி. 2006 ஜனவரியில் பொது நுழைவுத் தேர்வில் கேட்டலைச் சேர்த்தபோது, ஸ்பீக்கரில் போட்டால் முன்னால் இருக்கிறவனுக்கு ஒரு மாதிரி, பின்னால் இருக்கிறவனுக்கு ஒரு மாதிரி கேட்கும் என்று, சுமார் ஐந்து லட்சம் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சின்ன ஒலிக்கருவியும் இயர்போனும் கொடுத்தார்கள். கருவி மக்கர் செய்தால் கையைத் தூக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே விட்ட இடத்தில் இருந்து மறுபடி தேர்வு உண்டு. அப்போது வாசிப்புக்கு 200 மதிப்பெண், கேட்டலுக்கு 50. 2021-ல் தேர்வை மாற்றியபோது இரண்டுக்கும் ஆளுக்கு நூறு என்று சமமாக்கிவிட்டார்கள். கண்ணுக்கு நூறு, காதுக்கு நூறு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பரீட்சையில் இடம் கொடுத்தால் வகுப்பில் தானாக இடம் வரும். நம் வகுப்பில் கேட்டல் இல்லாததற்கு ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பது காரணமே இல்லை. கேட்காத கேள்விக்கு எந்த ஆசிரியர் பீரியடை ஒதுக்குவார், ரிசல்ட் என்ன ஆச்சு என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வார்?

அங்கேயும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் பேசுவதையும் எழுதுவதையும் தனியார் தேர்வுகளை வைத்துச் சோதிக்கலாம் என்று திட்டமிட்டார்கள். நகரத்துப் பணக்காரப் பிள்ளைகள் பல தடவை எழுதிப் பழகிக்கொள்வார்கள், கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும் என்று எதிர்ப்பு வந்தது. 2019 நவம்பரில் தள்ளிவைத்து, 2021-ல் கைவிட்டே விட்டார்கள். கொரியாவில் 2025 நவம்பர் தேர்வில் வாசிப்புப் பத்திகள் ரொம்பக் கடினமாக அமைந்துபோனது. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் முதல் தரம், அது 3.11 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. தேர்வை நடத்துகிற அமைப்பின் தலைவர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வினாத்தாள் பிசகினால் ஒருவர் பொறுப்பேற்கிறார் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நேரம் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. நம் பள்ளிகளில் நாளைக்கே என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதி வந்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, இல்லாவிட்டால் செல்போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் போதும். பேச்சு ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கேள்வியை முதலில் காட்டிவிட்டு அப்புறம் ஒலிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் ஞாபக சக்தியைத்தான் சோதிப்பீர்கள். கேள்வியைப் பக்கத்து வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையிடம், ஒலியைப் போடாமலே கொடுத்துப் பாருங்கள். அது சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பதிலைத் தமிழில் எழுத விடுங்கள். ஆங்கில ஆசிரியையே இப்படிச் சொல்லலாமா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கேட்டது புரிந்ததா என்பது ஒரு கேள்வி, ஆங்கிலத்தில் எழுத வருகிறதா என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பினால் என் பழக்கடைப் பையன் மறுபடி ஃபெயில்தான். வாசிப்புக்கும் இதே மாதிரி, பத்தியில் உள்ள சொல்லைக் கேள்வியில் வைக்காதீர்கள், சிமிலானை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. சரியாகக் காது கேட்காத பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள், சிலர் வெளியே சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டல் தேர்வில் உட்காரவைத்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள், அந்தப் பங்கை வாசிப்பில் சேர்த்துப் போடுங்கள். அதை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்ல இன்னும் ஐந்து நிமிடமாவது வேண்டும், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.