பர்ஃபோர்டு தேவாலயமும் ஈயத்தில் கீறிய ஒரு பெயரும் | வ்லாக்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது பர்ஃபோர்டு ஊரின் செயின்ட் ஜான் தேவாலயம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே, காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம். தேன் நிறக் கல் வீடுகள், சரிவான கடைத்தெரு, கீழே வின்ட்ரஷ் ஆறு. காலண்டரில் படம் போட ஏற்ற ஊர். எனக்கு அந்த அழகில் பெரிய ஈடுபாடு கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

காலையில் நான் உள்ளே இருந்தபோது ஒரு சுற்றுலாக் குழு வந்தது. வழிகாட்டி கூரையைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், சபாநாயகர் லெந்தால் கதையைச் சொன்னார், முடிந்தது. ஞானஸ்நானத் தொட்டியைத் தாண்டித்தான் வெளியே போனார்கள். ஒருத்தர்கூடக் குனிந்து பார்க்கவில்லை!

இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். கல் தொட்டி, உள்ளே ஈயத் தகடு. அந்த ஈயத்தில் பாருங்கள்: ஆண்டனி செட்லி, 1649, பிரிஸ்னர், அதாவது கைதி. அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு எழுத்தையே விட்டிருக்கிறார். அதனால் என்ன? எழுத்துகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஈயம் மெத்தென்று இருக்கும், கத்தி முனை போதும். கையில் இருந்ததை வைத்துக் கீறியிருக்கிறார். தொடாதீர்கள், நானும் தொடவில்லை.

யார் இவர்? நாடாளுமன்றப் படையின் சிப்பாய். இவரை இங்கே அடைத்தது யார்? அதே நாடாளுமன்றப் படை. ராஜா இல்லை. ராஜாவின் தலையை அந்த ஜனவரி 30-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். ஆங்கிலேய உள்நாட்டுப் போர் என்றாலே ரீல்ஸ் முழுக்க அந்த இரண்டு சட்டைக் கதைதான்: குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைத்துவிடுவார்களாம், அதனால் முதலாம் சார்லஸ் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுமேடைக்குப் போனாராம். சரி, போனார். அதற்கப்புறம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா? 'கெட்ட ராஜா, நல்ல நாடாளுமன்றம், கடைசியில் ஜனநாயகம்' என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் எப்படி வந்தது என்று மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை, அதற்குத் தனி வீடியோ இருக்கிறது. 11 வருஷம் நாடாளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்டார் சார்லஸ். 1637-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் புது ஜெபப் புத்தகத்தைத் திணித்தார், எடின்பரோ தேவாலயத்திலேயே கலவரம். அவர்களோடு சண்டை போடப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். கடைசியில் அந்த நாடாளுமன்றத்துக்கே எதிராக 1642 ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றிவிட்டார். அவ்வளவுதான்.

புட்னி வீடியோ பார்த்தவர்களுக்கு இனிமேல் வருவது சுலபமாகப் புரியும். 1647 அக்டோபர் கடைசி, தேம்ஸ் கரையில் புட்னி தேவாலயம், ஜெயித்த படையின் அதிகாரிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்து நாட்டை இனி யார் ஆள்வது என்று வாதாடினார்கள். கர்னல் ரெயின்ஸ்பரோ, இங்கிலாந்தின் மிக ஏழையும் பெரிய மனிதரைப் போலவே வாழ வேண்டிய ஓர் உயிர்தானே, சம்மதம் கேட்காமல் அவனை எப்படி ஆளலாம் என்றார். படைத் தளபதி க்ராம்வெல்லின் மாப்பிள்ளை அயர்ட்டன் விடவில்லை: நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. எனக்கு அயர்ட்டனைப் பிடிக்காது. ஆனால் மனுஷன் மழுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஓட்டு கேட்ட அந்தக் கூட்டத்தைத்தான் லெவலர்கள் என்றார்கள். மதத்தில் கட்டாயம் கூடாது என்பதும் அவர்கள் கோரிக்கை. படையில் பாப்டிஸ்டுகள் உட்பட எத்தனையோ சபைக்காரர்கள். பிஷப்புகளின் சபையைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் இன்னொரு கட்டாய சபையை உட்கார வைப்பதற்கா ரத்தம் சிந்தினோம் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதானே? நாடாளுமன்றம் 1645-இல் ஜெபப் புத்தகத்தைத் தடை செய்தது, 1647-இல் கிறிஸ்துமஸையே தடை செய்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு கேன்டர்பரியில் கலவரம் வெடித்தது. கேக்கில் கை வைத்தால் சும்மா இருப்பார்களா!

கேக் என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. மேலே கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பெயர் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்கோன், ஒரு பானை டீ, 11 பவுண்டு 40 பென்ஸ். சரி, ஊர் அப்படி. ஆனால் ஜாம்! ஒரு குட்டிப் புட்டி ஜாம் தருகிறார்கள். ஸ்கோனை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதிக்குத்தான் வருகிறது. இன்னொன்று கேட்டால் 1 பவுண்டு 80. நான் வாங்கவில்லை. க்ரீமை வைத்தே சமாளித்தேன். பக்கத்து மேசைப் பாட்டி தன் மிச்ச ஜாமை என் பக்கம் நகர்த்தினார். நீடூழி வாழ்க. நான் எப்போதும் ஜாம் முதலில், க்ரீம் அதன் மேல். இதில் சமரசமே கிடையாது.

சிரிக்காதீர்கள், காசைப் பற்றித்தான் பேச வந்தேன். நாடாளுமன்றம் உருவாக்கிய புதுப் படையில் காலாட்படைச் சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்னி. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, அப்படியானால் ஒரு பவுண்டு பார்க்க 30 நாள். குதிரைவீரனுக்கு நாளுக்கு 2 ஷில்லிங். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குதிரைக்குத் தீனியும் அதிலிருந்துதான். அந்தச் சம்பளமாவது ஒழுங்காக வந்ததா? மாதக்கணக்கில் பாக்கி. 1649 ஏப்ரலில் எந்தெந்த ரெஜிமென்ட் அயர்லாந்து போக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். போக மாட்டோம் என்றவர்களுக்குப் பாக்கி கேள்விக்குறி. சம்பளத்தைக் கொடு, கொடுத்த வாக்கைக் காப்பாற்று, அப்புறம் அயர்லாந்தைப் பற்றிப் பேசலாம் என்று கிளம்பிய குதிரைப்படைக் கூட்டம்தான் மே மாதம் பர்ஃபோர்டுக்கு வந்து தங்கியது.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்ற நம்பிக்கையில் படுத்திருக்கிறார்கள். மே 13 இரவு. ஒரே நாளில் ஏறக்குறைய 45 மைல் குதிரையில் வந்து படையின் தலைமைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸும் க்ராம்வெல்லும் நள்ளிரவில் ஊருக்குள் பாய்ந்தார்கள். பெரிய சண்டைகூட இல்லை. சுமார் 340 பேரைப் பிடித்து இந்தத் தேவாலயத்துக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அடுத்த சில நாட்களில்தான் செட்லி அந்த ஈயத்தைக் கீறியிருக்க வேண்டும்.

மே 17 காலை. வாங்க, வெளியே போகலாம். இந்தச் சுவர்தான். மற்றவர்களைத் தேவாலயக் கூரை மேல் ஏற்றிப் பார்க்க வைத்தார்கள். கார்னெட் (குதிரைப்படையில் இளநிலை அதிகாரி) தாம்ப்சன், கார்ப்பொரல் பெர்கின்ஸ், சிப்பாய் சர்ச், மூன்று பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திச் சுட்டார்கள். பெயர்கள் இந்தப் பலகையில் இருக்கின்றன, 1979-இல் வைத்தது. ஒவ்வொரு மே மாதமும் லெவலர் நாள் கொண்டாட ஆட்கள் இங்கே வருகிறார்கள். சுடப்பட வேண்டிய நான்காவது ஆள் ஹென்றி டென். இவர் பாப்டிஸ்ட் போதகரும்கூட. மனம் வருந்தினார் என்று மன்னிப்புக் கிடைத்தது, பிறகு உள்ளேயே பிரசங்க மேடையில் ஏறி, நாம் செய்தது பாவம் என்று போதித்தார். கேட்டுக்கொண்டிருந்த தோழர்கள் அவருக்கு யூதாஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. எதிரே மூன்று பிணங்களைப் பார்த்த மனுஷன்.

எனக்குக் கோபம் வருவது இதில். இரண்டே நாள் கழித்து, மே 19, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஃபேர்ஃபாக்ஸுக்கும் க்ராம்வெல்லுக்கும் சட்ட டாக்டர் பட்டம் கொடுத்தது. சட்டத்தில்! அதே மே 19 அன்றுதான் லண்டனில் இங்கிலாந்து இனி குடியரசு என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆகஸ்டில் க்ராம்வெல் டப்ளினில் இறங்கினார். அங்கே ட்ரோஹெடாவில் என்ன நடந்தது என்பதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

அட, லெந்தாலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், அந்த வழிகாட்டி பாதியில் விட்டது. 1642 ஜனவரி 4, ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க சார்லஸ் ஆயுதக் காவலர்களோடு சபைக்கே வந்தார். சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டியிட்டு, இந்தச் சபை கட்டளையிடாமல் இங்கே எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். இதுவரை சொன்னார் வழிகாட்டி, எல்லோரும் தலையாட்டினார்கள். 1660-இல் ராஜாவின் மகன் திரும்பி வந்ததும், சார்லஸின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்ட தாமஸ் ஸ்காட்டின் வழக்கில், ஸ்காட் சபைக்குள் என்ன பேசினார் என்று சாட்சி சொன்னது யார்? இதே லெந்தால். கண்ணும் நாக்கும் அதற்குள் வந்துவிட்டன. ஸ்காட்டைக் கொன்றார்கள். லெந்தால் 1662-இல் படுக்கையில் செத்தார், இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம். கல்லில் 'நான் ஒரு புழு' என்று மட்டும் லத்தீனில் எழுதுங்கள் என்று கேட்டாராம். நான் மறுக்க மாட்டேன்.

அடுத்தது ஜான் லில்பர்ன். லெவலர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆசாமி. அதே 1649 அக்டோபரில் லண்டன் கில்டுஹாலில் தேசத்துரோக வழக்கு, ஜூரி விடுதலை செய்துவிட்டது, கூட்டம் ஆர்ப்பரித்தது. உள்ளே படம் எடுக்க அனுமதி கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். கிடைத்தால் உள்ளே, கிடைக்காவிட்டால் வாசலில் நின்று பேசுகிறேன். ஸ்கோன் வாங்கப் போவதில்லை.