கயிறு இருந்தது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பள்ளிக்கூட அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம். அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்கள் இந்த ஊர்ப் பாட்டுக் கச்சேரிக்குப் போனால் ஒட்டாமல் நிற்கிறார்களே, அதற்குக் காரணம் கூட்டமா, கூச்சமா என்பது தலைப்பு. கூட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். "டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலை. பாட்டுக்கு நிறம் கிடையாது. யாரும் உங்களைப் பார்ப்பதே இல்லை. நீங்களாகக் கயிற்றைப் பாம்பு என்று நினைத்து மிரள்கிறீர்கள்" என்றார். நல்ல கைதட்டல், நானும் தட்டினேன். அண்ணன் கயிறு என்று சொன்னதுமே எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஏனென்றால் கயிறு இருந்தது, நடுவர் அவர்களே. நிஜக் கயிறு. 1950களில் இந்த நாட்டின் தென் மாநிலங்களில் நடன அரங்கின் குறுக்கே கயிறு கட்டுவார்கள். ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். கயிறு இல்லாத அரங்கில் கறுப்பர்களுக்கு மாடி. மேடையில் யார்? ஃபேட்ஸ் டாமினோ, சக் பெர்ரி போன்ற கறுப்பினக் கலைஞர்கள்! பாட்டைத் தந்தவனின் உறவுக்காரன் மாடியில், கேட்க வந்தவன் கீழே. பாட்டு சூடு பிடித்ததும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கயிற்றைத் தாண்டி ஒன்றாக ஆடுவார்கள், போலீஸ் வந்து பிரிக்கும். அண்ணனைக் கேட்கிறேன், அந்தப் பிள்ளைகளுக்கா கூச்சம்?

1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கச்சேரி. பொது இடங்களில் இனத்தைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்ற சட்டம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பிரித்து உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நால்வரும் மேடை ஏறினார்கள். மறுவருடம் கலிஃபோர்னியாக் கச்சேரிக்குப் போட்ட ஒப்பந்தத்தில் அதை எழுத்தாகவே சேர்த்தார்கள். இனம் பிரித்து உட்கார வைத்த கூட்டத்தின் முன் வாசிக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை என்று. ரசிகனின் கூச்சத்துக்காக யாராவது ஒப்பந்தத்தில் ஷரத்து எழுதுவார்களா?

"அதெல்லாம் பழங்கதை, கயிறு எப்போதோ அறுந்துவிட்டது" என்பார் அண்ணன். சரி, கயிற்றை எடுத்த பிறகு நடந்த கதைக்கு வருவோம். கன்ட்ரி என்பது இந்த ஊர்க் கிராமியப் பாட்டு வகை, பெரும்பாலும் வெள்ளையர் பாடுவது. சார்லி பிரைட் என்று ஒரு கன்ட்ரி பாடகர், கறுப்பர். முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது கம்பெனி அவர் படத்தை வைக்கவில்லை. குரலைக் கேட்டுப் பிடித்துப்போனது. 1966இல் டெட்ராய்ட்டில் பெரிய கச்சேரி. பெயரை அறிவித்ததும் அரங்கமே கைதட்டியது. அவர் வெளிச்சத்துக்கு வந்தார். கைதட்டல் அப்படியே அடங்கிப்போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? "வெயிலில் கறுத்த இந்த நிறம் எனக்கு நிரந்தரமாக இருக்கிறதே" என்கிற பொருளில் ஒரு ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்தது, அப்புறம் பாடினார். ஐந்து வருடத்தில் அந்தத் துறையின் மிகப் பெரிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

பாருங்கள், கூச்சத்தை விட்டார், ஜெயித்தார் என்று எதிரணி இதையே தூக்கிக்கொண்டு ஓடும். ஐயா, மற்ற பாடகர்கள் வந்தார்கள், பாடினார்கள். இவர் மட்டும் பாடுவதற்கு முன்னால் சுங்கம் கட்டினார். கூட்டம் கேட்டது, கட்டினார்.

எதிரணியின் சகோதரி ரவிசங்கர் கதையைச் சொன்னார். 1971, நியூயார்க், வங்கதேச அகதிகளுக்கான நிதிக் கச்சேரி. சித்தாரும் சரோதும் சுருதி சேர்த்து முடித்ததும் அதையே ஒரு உருப்படி என்று நினைத்து மொத்தக் கூட்டமும் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்களே, வாசிப்பையும் ரசிப்பீர்கள் என்று அவர் நயமாகச் சொன்னார். இசைக்கு இனம் இல்லை என்பதற்குச் சகோதரி காட்டிய சாட்சி இது. நல்ல சாட்சிதான், ஆனால் எங்கள் கட்சிச் சாட்சி. ஆயிரக்கணக்கானோர் தப்பான இடத்தில் தட்டினார்கள். ஒருவராவது கூனிக் குறுகினாரா?

நான் இங்கே ஒரு சிம்ஃபொனி கேட்கப் போனேன். முதல் பகுதி முடிந்து நிறுத்தியதும் நம்ம ஊர்ப் பழக்கத்தில் தட்டிவிட்டேன். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். இரண்டே தட்டு, நடுவர் அவர்களே. மூன்றாவதற்குக் கையை எடுத்தபோது முன் வரிசை முழுக்கத் திரும்பியிருந்தது. அந்தக் கூடத்தில் என் நிறத்தில் நான் ஒருத்தன்தான். மாநிறத்தில் இன்னொரு ஐம்பது பேர் உட்கார்ந்து தட்டியிருந்தால் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தவர்களும் சேர்ந்து தட்டியிருப்பார்கள்.

"அது உன் சுபாவம்" என்பீர்கள். அதனால் கூச்சமே இல்லாத ஒருவரைக் கொண்டு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர், வாராவாரம் தேவாலயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் முன் பாடுகிறவர். நம் தமிழ்க் கச்சேரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பக்கத்து நாற்காலி மாமி மூன்று தடவை "புரிகிறதா?" என்று கேட்டார். சமோசாத் தட்டை நீட்டிய தம்பி "காரம், பார்த்து" என்றார். தொகுப்பாளர் மேடையிலிருந்தே கையைக் காட்டி "நம் விருந்தினருக்கு ஒரு கைதட்டல்" என்று சொல்லி, மைக்கைக் கொடுத்து வணக்கம் சொல்ல வைத்தார். எல்லாம் அன்புதான், ஒருவர் மனதிலும் கெடுதல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. திரும்பும்போது காரில், "பாட்டு பிரமாதம். என்னைத்தான் கொஞ்சம் குறைவாக வரவேற்றிருக்கலாம்" என்றார். அண்ணா, அவருக்குக் கூச்சமா? கூட்டம் நாம்தானே!

"யாரும் உங்களைப் பார்ப்பதில்லை" என்று அண்ணன் சொன்னாரே, அதில் மட்டும் நான் அவர் கட்சி. போன வருடம் திறந்தவெளிக் கன்ட்ரி கச்சேரி ஒன்று. புல்தரையில் நடைபாதை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் தலையாட்டத் தெரியும், ஆட்டிக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட ஒரு பெரியவர் நடந்து வந்தார். நின்றார். குடித்து முடித்த பீர் கப்பை என் கையில் வைத்தார். "தேங்க் யூ" என்றார். போய்விட்டார். உண்மைதான் அண்ணா, அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என் கழுத்தில் தொங்கிய டிக்கெட் அட்டை தெரிந்திருக்கும்.

நல்ல மனிதர்தான், மரியாதையாக நன்றி சொன்னாரே. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதா, கீழே போடுவதா? அடியில் நுரை ஒட்டியிருந்த அந்தக் கப்போடு இரண்டு பாட்டு நின்றேன். மூன்றாவது பாட்டில் குப்பைத் தொட்டியைத் தேடிக் கிளம்பினேன்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிட்டேன். தொட்டிக்குப் போகும் வழியில் இன்னும் இரண்டு பேர் கப்பை நீட்டினார்கள், நடுவர் அவர்களே. வாங்கிக்கொண்டேன்.